பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் உள்ளது. சாலையில் ஓட்டுவதோடு, ஆண்டுக்குச் சில முறை பந்தயத் தடத்திலும் ஓட்ட விரும்புகிறேன். காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் கடினமான ஸ்பிரிங்குகள், நான்கு சக்கரங்களுக்கும் டெலஸ்கோபிக் டேம்பர்கள் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய் வடிவ அமைப்புகள்), பாலியூரித்தேன் புஷ்கள் (இணைப்புகளுக்கு இடையிலான மெத்தை உறைகள்), முன்னும் பின்னும் தடித்த ஆன்டி-ரோல் பார்கள் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டுகள்) ஆகியவை அடங்கிய முழுத் தொகுப்பை ஒரு விற்பனையாளர் பரிந்துரைக்கிறார். தனித்தனியே வாங்குவதைவிட மலிவு என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தத் தொகுப்பில் உள்ளவை எல்லாம் பயனற்றவை என்பதல்ல காரணம். உங்கள் காரில் இப்போது எது தேய்ந்திருக்கிறது என்பது தெரியாமல் இவற்றில் எது தேவை என்று சொல்ல இயலாது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு எம்ஜிபி வளைவுகளில் சாய்வதற்கும் நேர்ச்சாலையில் அலைவதற்கும் பெரும்பாலும் மென்மையான ஸ்பிரிங் காரணமாக இருப்பதில்லை. கிரீஸ் காணாத கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), நசுங்கிப்போன விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கவட்டை வடிவக் கை) புஷ், எண்ணெய் குறைந்த டேம்பர், தொய்ந்துபோன லீஃப் ஸ்பிரிங் (பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்) ஆகியவற்றில் ஒன்றோ சிலவோ காரணமாக இருக்கும். தேய்ந்த கிங்பின்மேல் கடினமான ஸ்பிரிங்கைப் பொருத்தினால் தளர்ச்சி அப்படியே இருக்கும். அதிர்ச்சி மட்டும் கூடுதலாக வந்து சேரும்.

எனவே முதற்செலவு சோதனைக்கும் தேய்ந்த இணைப்புகளுக்கும் ஆகட்டும். முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங்கிலும், நிற்காவிட்டால் கிங்பின்னிலும் பழுது இருக்கக்கூடும். புஷ்களைப் பொறுத்தவரை, முன் கீழ்விஷ்போனுக்கு எம்ஜிபி ஜிடி வி8 காரில் வந்த, உலோக உறையோடு ஒட்டிய ரப்பர் புஷ் நல்ல தேர்வு. சாலைக்கும் தடத்துக்கும் அது போதும். அவ்வகைப் புஷ்களை மாற்றும்போது, கார் தன் எடையில் சக்கரங்கள்மேல் நிற்கும் நிலையில்தான் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். பழி பொருளின்மேல் விழும். பாலியூரித்தேன், ஓர் அச்சில் மட்டும் சுழலும் இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. சுழல்வதோடு முறுக்கும் வாங்க வேண்டிய இடங்களில் அது இறுகி, சஸ்பென்ஷனின் இயல்பான அசைவையே தடுக்கும்.

அடுத்தது டேம்பர். எம்ஜிபியின் முன்பக்கத்தில் லீவர் வகை (நெம்புகோல் கை கொண்ட பழைய வகை) டேம்பரின் கைகளே மேல்விஷ்போனாகவும் வேலை செய்கின்றன என்பதை விற்பனையாளர் உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. டெலஸ்கோபிக் மாற்றுத்தொகுப்புகள் பலவற்றில் அந்தப் பழைய லீவர் டேம்பர் மேற்கையாக அப்படியே நீடிக்கும். அதன் சுழலச்சு தேய்ந்திருந்தால் புதிய டேம்பர் அந்தக் குறையைத் தீர்க்காது. நீங்கள் சொல்லும் அளவிலான பயன்பாட்டுக்கு, முறையாகப் புதுப்பித்து வால்வைச் சற்றுக் கடினமாக்கிய லீவர் டேம்பர்களே போதும் என்பது என் கருத்து. அவற்றில் உள்ள எண்ணெய் குறைவு என்பதால், இடைவிடாத நீண்ட ஓட்டங்களில் சூடேறித் தளர்வதுண்டு. அந்த நிலைக்கு நீங்கள் வந்த பிறகு டெலஸ்கோபிக் வகையைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, 40 மில்லிமீட்டர் தாழ்வு என்பது எந்த உயரத்திலிருந்து கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப எம்ஜிபியின் உயரம் கூட்டப்பட்டது. அந்தக் கார்களைப் பழைய உயரத்துக்கு இறக்குவதற்கென விற்கும் ஸ்பிரிங்குகள் உங்கள் 1971 காருக்கு உரியவை அல்ல. உங்களுடையதைப் போன்ற குரோம் பம்பர் காரை 20 முதல் 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவதில் நன்மையைவிடத் தீமையே மிகுதி. முன்பக்கம் தாழும்போது காரின் எடைமையம் இறங்கும் அளவைவிட ரோல் மையம் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால், தாழ்ந்த கார் முன்னைவிடச் சாய முற்படும். அதைத் தடுக்க மேலும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும். ஸ்டியரிங் இணைப்புகளின் கோணமும் மாறுவதால், மேடுபள்ளங்களில் சக்கரம் தானாகத் திரும்பும் பம்ப் ஸ்டியர் என்னும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே உலோகக் கட்டை வைத்துத் தாழ்த்துவது மலிவான வழிதான். ஆனால் முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு லீஃபை முறுக்கும் நெம்புகோலை அந்தக் கட்டை நீளமாக்குகிறது.

ஆன்டி-ரோல் பாரில் முன்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 5/8 அங்குலத்திலிருந்து 3/4 அங்குலத்துக்குப் போனாலே விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. பட்டியலில் உள்ளவற்றிலேயே தடித்ததைத் தேடிப்போக அவசியமில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு) உள்ள காரில் பின்பக்கப் பாரைச் சேர்த்தால், வளைவில் உட்புறப் பின்சக்கரம் சுமையிழந்து வெறுமனே சுழலும்.

விற்பனையாளர் தொகுப்பைப் பிரித்துத் தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். நாளை கழற்றி வைக்கப்போகும் பொருளுக்கும் சேர்த்து இன்று பணம் கொடுப்பதை மலிவு என்று கொள்ள முடியாது.

கேள்வி: டாட்சன் 240இசட் காரின் முன்பக்கத்துக்கு ஒரு நிறுவனம் 450 பவுண்டு ஸ்பிரிங்கையும், மற்றொன்று 8 கிலோ ஸ்பிரிங்கையும் பரிந்துரைக்கின்றன. எது கடினமானது? எம்ஜிபி வைத்திருக்கும் நண்பர் 450 பவுண்டு ஸ்பிரிங்குகள் சிறப்பாக இருப்பதாகச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. முதலாவது ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான பவுண்டு. இரண்டாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவையான கிலோ. கிலோ எண்ணை 56 ஆல் பெருக்கினால் பவுண்டு கிடைக்கும். 8 கிலோ என்பது 448 பவுண்டு.

நண்பரின் அனுபவத்தை உங்கள் காருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அவருடைய எம்ஜிபியின் முன்பக்கத்தில் விஷ்போனின் நடுப்பகுதியில் அமர்ந்திருக்கும் ஸ்பிரிங், சக்கரம் நகரும் தூரத்தில் ஒரு பகுதியே அமுங்குகிறது. அந்த விகிதம் 0.6 என்று வைத்துக்கொண்டால், அதன் வர்க்கமான 0.36 ஆல் பெருக்க வேண்டும். 450 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 162 பவுண்டாகவே உணரப்படும். உங்கள் 240இசட் காரின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகையைச் சேர்ந்தது. அதில் ஸ்பிரிங் ஏறக்குறைய சக்கரத்தோடு இணையாகவே நகர்வதால் 450 பவுண்டின் பெரும்பகுதி சக்கரத்தை வந்தடையும். சாலையிலும் ஓடும் ஒரு பழைய காருக்கு, அதுவும் வலுவூட்டப்படாத உடலுக்கு, இது மிகக் கடினம்.

எந்த எண்ணைத் தேர்ந்தாலும் டேம்பர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு 50 விழுக்காடு கூடினால், அதே கட்டுப்பாட்டைப் பெற டேம்பரின் தடுப்பு சுமார் 22 விழுக்காடு கூட வேண்டும். தொழிற்சாலை டேம்பர்மேல் கடினமான ஸ்பிரிங்கை மட்டும் பொருத்தினால் கார் குதித்துக்கொண்டே போகும்.

கேள்வி: பயன்படுத்திய, சரிசெய்யும் வசதியுள்ள டேம்பர்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: பிரித்துப் புதுப்பிக்கக்கூடிய வகை என்றால், புதுப்பிக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். தண்டில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் புதிய சீலும் நிலைக்காது. சோதனை எந்திரத்தில் எடுத்த விசை வரைபடத்தைக் கேளுங்கள். இடதும் வலதும் ஒத்திருக்கின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும். கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; கை நகரும் வேகத்தில் டேம்பரின் உண்மையான குணம் வெளிப்படாது.

கேள்வி: மாற்றங்கள் செய்தபின், பிற்காலத்தில் வரலாற்றுக் கார் பந்தயங்களில் பங்கேற்க முடியுமா? காப்பீடு என்ன ஆகும்?

பதில்: சர்வதேச அளவிலான வரலாற்றுக் கார் பந்தயங்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அப்பெண்டிக்ஸ் கே விதிகள் பொருந்தும், காருக்கு எச்டிபி எனப்படும் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு தேவை. அக்காலத்தில் அந்த மாதிரிக் கார் எந்த அமைப்பில் பந்தயத்தில் ஓடியதோ அந்த அமைப்பையே இவ்விதிகள் அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே, இன்று கிடைக்கும் மேம்பட்ட சஸ்பென்ஷன் அமைப்பு தடத்தில் எவ்வளவு வேகமாக இருந்தாலும் காரைத் தகுதியிழக்கச் செய்யலாம். அந்த எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், வெட்டவோ பற்றவைக்கவோ தேவையில்லாத பொருள்களையே வாங்கி, கழற்றிய மூலப்பாகங்களைப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

சாதாரண வாகனக் காப்பீடுகள் பல, பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை; பந்தயத்துக்குப் பயன்படுத்திய பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று சில தயாரிப்பாளர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். தடத்தில் ஓட்டும் நாளுக்கெனத் தனிக் காப்பீடு கிடைத்தால், அது உங்கள் காரின் சேதத்துக்கு மட்டுமா, தடுப்புவேலிக்கும் பிறருக்கும் நேரும் சேதத்துக்கும் சேர்த்தா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.