கூரை விழுந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்

தம்பி, ஜப்பானின் குன்மா மாகாணத்துத் தகாசாகி நகரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோஷின் ரயிலில் ஷிமொனிதா பக்கம் வந்து சுற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கூரை சரிந்த பெரிய பெரிய வீடுகள், கூடையும் ஏணியும் அப்படியே கிடக்கும் கொட்டகைகள், பறிக்க ஆளில்லாமல் மரத்திலேயே கனிந்து தொங்கும் காக்கிப் (பெர்சிமன்) பழங்கள் எல்லாம் உங்களை உறுத்தியிருக்கின்றன. "இவ்வளவு வசதியான நாட்டில் விவசாயிகள் ஏன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள்? சும்மாவே வீடு தருகிறார்களாமே, ஒன்றை வாங்கிக் காய்கறி போடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அடுத்த முறை வரும்போது அந்த வீடுகளின் உயரத்தைப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய மாடி? கூரை முகட்டின் மேல் இன்னொரு குட்டிக் கூரை ஏன் தூக்கி நிற்கிறது? மாடியில் இருந்தவை பட்டுப்புழுக்கள். மனிதர்கள் கீழே படுத்துக்கொண்டு வீட்டின் நல்ல இடத்தைப் புழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். குட்டிக் கூரை காற்றுப் போக. நான் பென்னாகரம் பக்கத்துக்காரன்; எங்கள் வீட்டிலும் புழு வளர்த்தோம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து இலை போட்ட அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இங்கே வந்த புதிதில் அந்த மாடிகளைப் பார்த்ததும் என்னவென்று புரிந்துவிட்டது.

ஷிமொனிதா மலையில் அராஃபுனே குளிர்கிடங்கு என்று ஓர் இடம் இருக்கிறது. பாறை இடுக்குகளிலிருந்து கோடையிலும் சில்லென்று காற்று வரும். அந்தக் காற்றில் பட்டுப்புழு முட்டைகளை வைத்துப் பொரிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். அதனால் வசந்தத்தில் ஒரு முறை மட்டும் எடுத்துவந்த பட்டுக்கூட்டை இலையுதிர்காலம் வரை பல முறை எடுக்க முடிந்தது. பக்கத்துத் தொமியோகா பட்டு நூற்பாலையோடு சேர்த்து 2014இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அவசியம் போய்ப் பாருங்கள். சுற்றியிருக்கும் பாழடைந்த வீடுகள் எதனால் எழுந்தவை என்பது அங்கே தெரியும்.

1929 வாக்கில் ஜப்பானில் சுமார் 22 லட்சம் விவசாயக் குடும்பங்கள் புழு வளர்த்தன. இன்று 200 குடும்பங்கள்கூட இல்லை. அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது பட்டு விலையும் சரிந்தது. அப்புறம் நைலான் வந்தது, போர் வந்தது. போருக்குப் பிறகு கொஞ்சம் எழுந்தது. கிமோனோ உடுத்துவது குறைந்து, சீனப் பட்டு மலிவாக வரத் தொடங்கியதும் மறுபடி படுத்துவிட்டது. வயல் ஓரங்களில் பத்துப் பதினைந்தடி உயரத்துக்கு நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மல்பெரி. வெட்ட ஆளில்லாததால் அப்படி வளர்ந்துவிட்டன. 1991இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் ஜப்பானிய நிபுணர்கள் தென்னிந்தியாவுக்கு வந்து வெண்பட்டு வளர்ப்பைப் பரப்ப உதவினார்கள். இங்கே மங்கிக்கொண்டிருந்த கலையை நம் ஊருக்குக் கற்றுத் தந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நன்றியும் வருத்தமும் ஒன்றாக வரும்.

பட்டுக்குப் பக்கத்துணையாக இருந்தது கொன்யாக்கு. நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு அது. விற்கும் அளவுக்குக் கிழங்கு பெருக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தோண்டி எடுத்து, உறைந்து அழுகாமல் வீட்டுக்குள் காத்து, வசந்தத்தில் மறுபடி நட வேண்டும். தண்ணீர் தேங்காத சரிவுதான் அதற்குப் பிடிக்கும் என்பதால் ஷிமொனிதாவும் பக்கத்து நன்மோக்கு கிராமமும் அதில் நன்றாகச் சம்பாதித்தன. பிறகு நோய் தாங்கும் புது ரகங்களும் இயந்திரங்களும் வந்தன. அகாகி மலையடிவாரத்தின் அகன்ற நிலங்களில் டிராக்டர் வைத்துப் பயிரிடத் தொடங்கினார்கள். இன்றும் ஜப்பானின் கொன்யாக்கில் 90 சதவீதத்துக்கு மேல் குன்மா மாகாணத்தில்தான் விளைகிறது. ஆனால் கல் சுவர் எழுப்பிப் படிப்படியாக நிலம் செய்த மலைக்காரர்களால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆகவே யாரும் ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகவில்லை, தம்பி. வீட்டைத் தாங்கிய பயிர்கள் ஒவ்வொன்றாகப் போயின. மகன் தகாசாகி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் நிலத்தைப் பார்த்தான். பேரன் டோக்கியோவிலேயே இருந்துவிட்டான். 2014 பிப்ரவரியில் ஒரு பெரும்பனி. மாகாணத் தலைநகர் மயேபாஷியில் மட்டும் 73 சென்டிமீட்டர். குன்மா முழுக்கப் பசுமைக்குடில்கள் நொறுங்கின. எழுபது வயதுக்காரர் கடன் வாங்கி மறுபடி கட்டுவாரா? நன்மோக்கில் 2020 கணக்குப்படி 1,600 பேர் சொச்சம்தான். ஐந்தில் மூன்று பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். நாடு முழுக்கவும் இதே போக்குதான். விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்கள் 2000இல் சுமார் 24 லட்சம், 2020இல் 13.6 லட்சம். அவர்களின் சராசரி வயது 67.8.

சரி, வீட்டுக்கு வருவோம். 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம் என்று வந்தது. இதில் வாடகைக்குக் காத்திருக்கும் நகர்ப்புற அறைகளும் சேர்த்தி. விற்கவும் இல்லாமல், வாடகைக்கும் விடாமல் கிடப்பவை 38 லட்சத்துக்கு மேல். நீங்கள் பார்த்த வீடுகள் இந்த வகையில் வரும். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. பல வீடுகளில் முன்னோர் பீடம் உள்ளேயே இருக்கிறது. முன்னோரை நினைக்கும் ஒபோன் நாட்களில் யாராவது வந்து கதவைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போவார்கள். தாத்தா பெயரிலேயே பத்திரம் இருக்கும், வாரிசுகள் இருபது முப்பது பேராகப் பெருகியிருப்பார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். வாரிசுப் பதிவு 2024 ஏப்ரலில்தான் கட்டாயமானது. இடித்துத் தள்ளவும் பத்து லட்சம் யென்னுக்கு மேல் ஆகலாம். வீடு நிற்கும்வரை அந்த நிலத்துக்கான வரியில் பெரிய சலுகை உண்டு, இடித்தால் போய்விடும். அதனால் விழும்வரை விட்டுவைக்கிறார்கள். மோசமாகப் பராமரிக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகையை நீக்க 2023இல் சட்டம் திருத்தினார்கள். எப்படிக் கிடந்தாலும் அது இன்னொருவர் வீடு; தயவுசெய்து படம் எடுக்கக்கூட உள்ளே நுழையாதீர்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். நகராட்சிகள் நடத்தும் அகியா பேங்க் என்ற ஆளில்லாத வீடுகளின் பட்டியலில் மிகக் குறைந்த விலைக்கு வீடு கிடைப்பது உண்மைதான். ஆனால் கூரை, கழிவுநீர்த் தொட்டி, கரையான் என்று பழுதுபார்ப்பதில் வீட்டு விலையைப் போலப் பல மடங்கு போகும். விளைநிலம் வாங்க ஊர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். குறைந்தது 50 ஆர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் இருந்தாக வேண்டும் என்ற பழைய விதியை 2023 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள் என்பதால் சிறு துண்டு நிலத்துக்கு வழி பிறந்திருக்கிறது. விளைந்ததை விற்பதற்கு முன் உங்கள் விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வீட்டைப் பார்க்கும் முன் அந்த ஊர் வாய்க்காலைப் பாருங்கள். தூர்வாரியிருந்தால், வரப்பில் புல் அறுத்திருந்தால், காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலி அறுந்து தொங்காமல் இருந்தால் அங்கே இன்னும் ஊர் இருக்கிறது என்று அர்த்தம். பாதி வீடுகள் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. நான் குடியிருக்கும் இடத்தில் எண்பது வயதுப் பாட்டிகள் இன்னும் புல் அறுக்க வருகிறார்கள். பறிக்காத காக்கிப் பழத்துக்குக் கரடி இறங்கும் என்பதால் ஆளில்லாத வீட்டு மரங்களையும் அவர்களே காலி செய்கிறார்கள். விலை மலிவு என்று வந்து வீட்டைப் பூட்டிவிட்டு டோக்கியோ போகிறவர்களால் அவர்களுக்குச் சுமைதான் கூடும்.

ஏப்ரலில் வாய்க்கால் தூர்வாருவோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மண்வெட்டி என்னிடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஊர்ச் சங்கத் தலைவரிடம் பேசி வைக்கிறேன். வேலை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். வாடகைக்கு விட மனமுள்ள வீடு எது, சும்மா கிடக்கும் துண்டு நிலம் யாருடையது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.