தொங்கும் தொட்டியில் எந்தச் செடி தாக்குப்பிடிக்கும்?

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடி, மேற்கு பார்த்த பால்கனி. இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் ஊற்ற முடிகிறது. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க என்ன வைக்கலாம் அக்கா?

பதில்: தொங்கும் தொட்டிக்கு நாலா பக்கமும் காற்று படும். தரையில் இருப்பதைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், செடி தண்ணீரை எங்கே சேர்த்து வைக்கிறது என்று பாருங்கள். எனக்குப் பிடித்தது அஸ்பாரகஸ் ஃபெர்ன். பெயரில்தான் ஃபெர்ன், நிஜத்தில் பெரணி வகை இல்லை. நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரச் செடி அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. வேரில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் இருப்பதால் ஒருநாள் மறந்தாலும் வாடாது. மதிய வெயில் நேராக அடித்தால் மஞ்சளாகும், நிழல்வலை கட்டுங்கள். வலை வேண்டாம் என்றால் கற்பூரவல்லி வையுங்கள். தடித்த இலை, வெயிலைத் தாங்கும், தானாகவே வழிந்து தொங்கும், சளிக்குக் கஷாயமும் ஆச்சு. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் எந்தச் செடியானாலும் தினமும் காலையில் ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: ஸ்பைடர் பிளான்ட் இலை நுனியெல்லாம் கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

பதில்: போர் தண்ணீரில் இருக்கும் உப்புதான் காரணமாக இருக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் ரொம்ப நல்லது. உரத்தையும் குறையுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. மணி பிளான்ட் தொங்கவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. அதன் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து எச்சில் வழியும். ஆடுகிற கொடியைப் பூனை சும்மா விடுமா? நான் மேலே சொன்ன அஸ்பாரகஸ், கற்பூரவல்லி இரண்டும்கூடப் பூனைக்கு ஆகாது. ஸ்பைடர் பிளான்ட் வையுங்கள், கடித்தாலும் விஷமில்லை.

கேள்வி: தேங்காய் நார் கூடை நல்லதா? மண் கலவை?

பதில்: பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் காயும். உள்ளே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வெறும் செம்மண் நிரப்பாதீர்கள், நனைந்தால் கனம் தாங்காது. கொக்கியை மேல்தளக் கான்கிரீட்டில் துளைபோட்டு மாட்டுங்கள், ஃபால்ஸ் சீலிங்கில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பாஸ்டன் ஃபெர்ன்?

பதில்: ஊட்டி, கொடைக்கானல் என்றால் தாராளமாக. சென்னை மே மாதத்தில், வெயிலும் காற்றும் அடிக்கும் பால்கனியில் வைத்துவிட்டு வருத்தப்படாதீர்கள்.