காதுக்குத் தெரியாத உறவு

கேள்வி: வட அமெரிக்கப் பழங்குடி மொழியான அராப்பஹோவின் சொற்கள் ஒஜிப்வே, கிரீ மொழிச் சொற்களோடு சற்றும் ஒத்துவரவில்லை. அதை அவை சேர்ந்த அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தில் சேர்த்தது, ஆய்வாளர்கள் தம் வசதிக்காகக் கற்பித்த உறவுதானே?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இல்லை. மொழியுறவுக்குக் காது சாட்சியாகாது. ஒலிகள் எந்த ஒழுங்கில் மாறின என்பதே சாட்சி. அல்கோன்கியன் மூலமொழியின் ககரம் அராப்பஹோவில் மறைந்தது. பகரம் ககரமாகி, இகர எகரங்களுக்கு முன்னால் சகரமாயிற்று. கதிரவனை ஒஜிப்வே 'கீஸிஸ்' என்கிறது. அதில் ககரத்தை எடுத்துவிடுங்கள். உயிரெழுத்தில் சொல்லைத் தொடங்காத அராப்பஹோ, அந்த இடத்தில் ஹகரத்தை வைத்து 'ஹீஸீஸ்' என்கிறது. குளிர்காலத்துக்கு ஆய்வாளர்கள் மீட்டெடுத்த மூலச்சொல் 'பெபொன்வி'. ஒஜிப்வேயின் 'பிபோன்' அதன் வழிவந்தது என்பது கேட்டவுடன் விளங்கும்; அராப்பஹோவின் 'செச்சின்' விளங்காது. ஆனால் பழைய ஒகரம் அராப்பஹோவில் இகரமாகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு பகரங்களும் முறைப்படி சகரமாகி, ஈற்றசை உதிர்ந்து, அந்தச் சொல்லே வந்து நிற்கும். தண்ணீரும் அப்படித்தான்: ஒஜிப்வேயில் 'நிபி', அராப்பஹோவில் 'நெச்'.

சொற்களைக் கடன் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். 'என்', 'உன்' என்று பொருள்படும் முன்னொட்டுகளை எந்த மொழி எளிதில் கடன் வாங்கும்? ஒஜிப்வேயில் அவை 'நி', 'கி'. அராப்பஹோவில் 'நெ', 'ஹெ'. இங்கும் அதே ககரம் போய், அதே ஹகரம் வந்திருக்கிறது.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் பிடிபடவில்லை. 1912இல் அராப்பஹோவைக் குடும்பத்துக்குள்ளேயே தனிக் கிளையாகப் பிரித்துவைத்த மொழியியலாளர் ட்ரூமன் மைக்கெல்சன்தான், 1935இல் அதன் ஒலிமாற்றங்களை வகுத்துக் காட்டினார். 1974இல் மொழியியலாளர் ஐவ்ஸ் காடர்ட் அவற்றை விரிவாக நிறுவினார். இன்று இம்மொழியைச் சரளமாகப் பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களுடைய மொழியின் வேரை, கேட்ட மாத்திரத்தில் மறுப்பது அநீதி.

வசதிக்காக இட்ட பெயர் ஒன்று உண்மையிலேயே உண்டு. அராப்பஹோ, ஷயென், பிளாக்ஃபுட் மூன்றையும் சேர்த்துச் 'சமவெளி அல்கோன்கியன்' என்பது நிலத்தைக் குறிக்கும் பெயரே தவிர, தனிக் கிளையைக் குறிப்பதன்று. அராப்பஹோவின் மிக நெருங்கிய உறவு, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஃபோர்ட் பெல்க்நாப் மக்களின் க்ரோ வான்ட் மொழி. வயோமிங் மாநிலத்தின் விண்ட் ரிவர் பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதியில் அராப்பஹோ மக்களோடு ஒரே நிலத்தைப் பகிர்ந்து வாழும் ஷோஷோனி மக்களின் மொழியோ யூட்டோ-ஆஸ்டெக்கன் குடும்பத்தைச் சேர்ந்தது.