வாசகர் கேள்வி–பதில்: காட்டு மரம் காசான கதை

கே: பேர்ன்ட் ஆங்கர் என்ற நோர்வேக்காரர் அரச பட்டம் பெற்றவர், பெரும் மர வியாபாரி என்று வாசித்தேன். மரம் அவருக்கு எப்படிக் காசானது? அந்தச் சொத்து ஏன் நிலைக்கவில்லை?
— வாசகி, பண்டாரவளை

ப: ஆங்கர் (1746–1805) காலத்தில் நோர்வே டென்மார்க் மன்னரின் கீழ் இருந்தது. மன்னர் கொடுத்தது அரண்மனைப் பட்டம். அதைவிடப் பெரிது ஆலை அனுமதி. 1688ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி பெற்ற ஆலைகளே ஏற்றுமதிக்குப் பலகை அரியலாம். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற அளவும் உண்டு.

மரம் வெட்டுவது பனிக்காலத்தில். உறைந்த நிலத்தில் குதிரை சறுக்குவண்டியை இலகுவாக இழுக்கும். பனி போதாத வருடம் கட்டைகள் காட்டிலேயே கிடக்கும். உரிமையாளரின் குறியைக் கோடரியால் கொத்தி, பனி உருகி ஆறு பெருகும்போது தள்ளிவிடுவார்கள். தண்ணீர் வற்றினால் கட்டைகள் பாறையில் சிக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆற்றையே அடைத்துவிடும். கீழே மிதப்புக் கட்டைகளைத் தொடுத்து மறித்து, குறி பார்த்துப் பிரிப்பார்கள். அரிவது நீர்ச்சக்கரத்தில் மேலும் கீழும் ஓடும் வாள். பழைய வாள்களின் அலகு தடிப்பு. நல்ல மரம் நிறையத் தூளாகவே போனது.

உள்நாட்டு ஆலைகளின் பலகை மறுபடி பனிக்காலத்தில்தான் சறுக்குவண்டியேறி, இன்று ஒஸ்லோவாக இருக்கும் கிறிஸ்தியானியாவுக்கு வரும். எண்ணி முடித்ததும் வண்டிக்காரரின் முதுகில் சோக்கால் கணக்கு எழுதுவார்களாம். பணம் கொடுத்ததும் காசாளர் அதைத் துடைத்துவிடுவார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது விளங்கும்: நிறுவை பிழைத்தால் சம்பளம் பிழைக்கும்.

பிறகு கப்பலில் பிரித்தானியாவுக்கு. வெட்டிய மரத்தின் விலை கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை முன்பணம் கொடுத்துத் தாங்கக்கூடியவரே பெரிய வியாபாரி. எங்கள் பார்வையில் ஆங்கரின் பலம் பட்டமல்ல, இந்தத் தாங்கும் சக்தியே.

பிள்ளைகள் இல்லாததால் சொத்தைப் பிரிக்க முடியாத ஒரே நிதியமாக விட்டுச் சென்றார். 1807இல் பிரித்தானியாவோடு போர் மூண்டு கடல் அடைபட்டது. பிறகு பிரித்தானியா கனடா மரத்துக்குச் சலுகை கொடுத்து, நோர்வே மரத்துக்கு வரியை ஏற்றியது. 1819இல் நிதியம் முறிந்தது.

கே: அது நம் மலைகளில் நிற்கும் பைனஸ்தானா?
— வாசகர், ஹட்டன்

ப: குடும்பம் ஒன்று, இனம் வேறு. அங்கே ஸ்கொட்ஸ் பைனும் ஸ்புரூஸும். குளிரில் மெதுவாக வளர்வதால் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இங்கே பெரும்பாலும் நட்டது கரீபியன் பைன். வேகமாக வளரும், வெட்டுமுகத்தில் வளையங்கள் அகன்று தெரியும்.