தாயைப் பார்க்கப் போவது ஊழியத்துக்குத் தடையா?

கேள்வி: நான் விசுவாசத்துக்கு வந்தபின் உறவினர்கள் என்னை ஒதுக்கிவிட்டார்கள். நோயாளிகளைச் சந்திக்கும் எங்கள் சபைக் குழுவினர்தான் இன்று எனக்கு அண்ணனும் அக்காளுமாக இருக்கிறார்கள். தம்பி வீட்டிலிருக்கும் வயதான தாயை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போய்ப் பார்த்து வருகிறேன். "தேவனுடைய சித்தம் செய்கிறவர்களே உன் குடும்பம், மாம்ச உறவுக்காக ஊழியத்தை விடாதே" என்கிறார் குழுத் தலைவர். அவர் சொல்வது சரிதானா? (ஒரு வாசகி)

பதில்: சரியல்ல. அவர் காட்டும் வசனம், தாயும் சகோதரரும் தம்மைத் தேடி வந்தபோது இயேசு சொன்னது, மாற்கு 3-ஆம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. இயேசு மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி, அவருடைய இனத்தார் அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்த செய்தி அதே அதிகாரத்தில் சற்று முன்னதாகவே வருகிறது. தம்முடைய பணியை நிறுத்த முயன்ற உறவுக்கு அவர் கொடுத்த பதிலை, மகளின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் ஒரு முதியவருக்கு எதிராகத் திருப்புவது வேதத்தை வாசிக்கும் முறையல்ல. இயேசுவின் தாயின் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. சிலுவையில் தொங்கிய நேரத்தில் இயேசு அவரை ஒரு சீடரிடம் ஒப்படைத்தார். பரமேறுதலுக்குப் பின் மேலறையில் ஜெபித்தவர்களோடு அந்தத் தாயும் சகோதரர்களும் இருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது.

உங்கள் தலைவர் மாற்கு 7-ஆம் அதிகாரத்தையும் வாசித்திருப்பார் என்று நம்புகிறேன். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லிக் கையை விரித்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். காணிக்கையின் இடத்தில் ஊழியத்தை வைத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமையாகவே சொல்கிறது.

இதனால் உங்கள் குழுவின் அன்பு பொய் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உறவினர்கள் கைவிட்ட ஒருவருக்குச் சபை வீடாவது கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலிருந்தே நடந்துவருகிறது, அது பெரும்பாலும் ஆராதனைக் கூட்டத்தில் அல்ல, சேர்ந்து செய்த வேலையில்தான் நடந்திருக்கிறது. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு தங்கியதற்கு அப்போஸ்தலர் 18 தரும் காரணம், அவர்கள் ஒரே தொழில் செய்கிற கூடாரம் பண்ணுகிறவர்கள் என்பதே. பிற்காலத்தில் அவர்கள் தமக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள் என்று ரோமருக்கு எழுதுகிறார். வாரத்தில் ஒரு மணி நேரம் அருகருகே அமர்ந்து பாடுகிறவர்களின் குணம் நமக்குத் தெரிவதில்லை. நோயாளியின் படுக்கையை மாற்றும்போது யார் முகம் சுளிக்கிறார், நள்ளிரவில் அழைத்தால் யார் வருகிறார், தன் முறை வரும் நாளில் யாருக்கு மட்டும் தலைவலி வருகிறது என்பதெல்லாம் சேர்ந்து உழைத்தால்தான் தெரியும், அப்படித் தெரிந்த பிறகும் விலகாமலிருப்பவர்களைக் குடும்பம் என்று அழைப்பதில் மிகையில்லை. ஆதிச் சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பராமரிப்பில் புறக்கணிக்கப்பட்டார்கள். அன்பாயிருங்கள் என்று ஒரு பிரசங்கம் செய்து அதை முடித்துவிடாமல், பந்தி விசாரிப்புக்கென்று ஏழு பேரை நியமித்தார்கள்.

குழுத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்கு 10:29-30-இல், விட்டுவருகிறவற்றின் பட்டியலில் தகப்பன் உண்டு. நூறத்தனையாகத் திரும்பப் பெறுகிறவற்றில் சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள் எல்லாம் உண்டு, தகப்பன் இல்லை. அந்த இடம் தேவனுக்குரியது என்றே நான் வாசிக்கிறேன். பவுல் தம்மைத் தகப்பன் என்று சொல்லிக்கொண்டாரே என்று கேட்கலாம். சொல்லிக்கொண்டார், கூடவே, பிள்ளைகள் பெற்றோருக்கு அல்ல, பெற்றோரே பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்றும் 2 கொரிந்தியர் 12-இல் எழுதினார். யார் வீட்டுக்கு யார் போகலாம் என்று அனுமதி வழங்கும் அதிகாரம் அந்தத் தகப்பனிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் குழுவை விட்டு விலக வேண்டாம், தாயிடம் போவதை நிறுத்தவும் வேண்டாம். ரோமர் 16:13-இல் பவுல் ரூப் என்பவருடைய தாயைத் தமக்கும் தாய் என்று குறிப்பிட்டு வாழ்த்துகிறார். உங்களை அக்காள் என்றும் தங்கை என்றும் அழைக்கிறவர்களிடம் அந்த வசனத்தைக் காட்டி, அடுத்த ஞாயிறு மாலை உங்களோடு தம்பி வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். தலைவரிடமும் கேளுங்கள்.