ஜப்பானியர்கள் இன்றைக்கும் கிமோனோ உடுத்துகிறார்களா? எப்போது?

உடுத்துகிறார்கள், ஆனால் நாள் பார்த்து. நான் இங்கே வேலை பார்க்கிறேன். காலை ரயிலில் எல்லாரும் கோட்டு சூட்டுதான். கிமோனோ கண்ணில் படுவது அபூர்வம்.

ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை மட்டும் ஊரே வேறு மாதிரி இருக்கும். வளர்ந்து ஆளான இளைஞர்களை நகராட்சிகள் அழைத்து வாழ்த்தும் 'செய்ஜின் நோ ஹி' விடுமுறை அது. 2022-இல் சட்டப்படி வயதுவந்தவராகும் வயது 20-லிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் விழா 20 வயதில்தான்; 18 வயதுப் பிள்ளைகளுக்கு அது நுழைவுத்தேர்வு நேரம்.

அன்று எங்கள் தெருமுனை அழகு நிலையத்தில் விடியுமுன்னே விளக்கு எரியும். பெண்களுக்கு ஃபுரிசோதே, அதாவது கணுக்கால் வரை கை தொங்கும் பட்டுக் கிமோனோ. மணமாகாதவர்கள் உடுத்துவது. முதலில் இடுப்பைச் சுற்றித் துண்டு வைத்து உடம்பின் வளைவைச் சமன் செய்கிறார்கள். அப்புறம் கயிறு கயிறாக இறுக்கி, கடைசியில் ஓபி என்னும் அகலப் பட்டையை முதுகில் பூ மாதிரி முடிகிறார்கள். தானே செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் குறைவு. குளிருக்குத் தோளில் வெள்ளை ரோமச் சால்வை. பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். சிலர் அம்மா அந்த வயதில் உடுத்தியதையே உடுத்துகிறார்கள். எனக்கு அவைதான் அழகு. அந்த நிறங்கள் இன்றைய கடைகளில் கிடைப்பதில்லை.

மற்றபடி கல்யாணத்தில் மணமக்களின் அம்மாக்கள் குடும்ப முத்திரை பதித்த கறுப்புக் கிமோனோவில் வருவார்கள். நவம்பரில் 3, 5, 7 வயதுக் குழந்தைகளை அலங்கரித்துக் கோவிலுக்கு அழைத்துப் போவார்கள். மார்ச்சில் பட்டம் வாங்கும் மாணவிகள் கிமோனோவின் மேல் ஹகாமா என்னும் மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடையைக் கட்டுவார்கள். ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கத்தின் சாம்பியன் பட்டப் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் கிமோனோவில் உட்கார்ந்து ஆடுவதைப் பார்க்கலாம். சுமோ வீரர்களுக்கோ வெளியே போனாலே பாரம்பரிய உடைதான். கடைநிலை வீரர்களுக்குக் குளிர்காலத்திலும் யுகாதா என்னும் மெல்லிய கிமோனோதான்.

சாதாரண மக்கள் ஆசையாக உடுத்துவது அந்த யுகாதாவைத்தான். பருத்தி, விலை குறைவு, தானே உடுத்திக்கொள்ளலாம். கோடையில் வாணவேடிக்கைக்கும், முன்னோரை நினைக்கும் 'ஓபோன்' பண்டிகை நடனத்துக்கும் ஆணும் பெண்ணும் அதில்தான் கிளம்புவார்கள். பாரம்பரிய விடுதிகளில் விருந்தினர்களுக்கு அறையிலேயே வைத்திருப்பார்கள்.

நீங்கள் வந்தால் தயங்காமல் உடுத்துங்கள். கியோட்டோவில் வாடகைக் கடைகள் நிறைய. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இடப்பக்கத் துணிதான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.