என்ஜின் புதுசு, வண்டி ஏன் லேட்டு?

கேள்வி: எங்கள் கிளைப்பாதையில் டீசல் போய் மின்சார என்ஜின் வந்தாயிற்று. ஆனாலும் பாசஞ்சர் நேரத்துக்கு வருவதில்லை. பழைய ஆல்கோ டீசல் என்ஜினே தேவலையோ?

பதில்: ஆல்கோ மேல் உங்களுக்கு இருக்கும் மதிப்பு நியாயமானதே. வாரணாசியில் 1964 முதல் தயாரான ஆல்கோ ரக டபிள்யூடிஎம்-2, 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் கொண்டது. ஒரு சிலிண்டர் தகராறு செய்தால் அதற்குப் போகும் எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு, மெதுவாகவேனும் அடுத்த ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்விடலாம். மின்சார வண்டிக்கு மேலே கம்பியில் 25,000 வோல்ட் இருந்தாக வேண்டும். காற்றில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் அந்தப் பகுதியில் எல்லா வண்டியும் ஒருசேர நிற்கும். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, கம்பியைப் பழுதுபார்க்கும் டவர் வேகன் வந்து சரிசெய்யும்வரை யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால் பாதையோர மரங்களைக் கழித்துவிடுவது என்ஜின் பராமரிப்புக்குச் சமமான வேலை.

ஆனாலும் லாபம் பெரிது. ஆறேழு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் உள்ள பாசஞ்சருக்கு உச்ச வேகத்தைவிட, நின்ற இடத்திலிருந்து எழும்பும் வேகமே முக்கியம். ஆல்கோ கரும்புகை கக்கி, காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடித்து எழும்புவதற்குள் 5,050 குதிரைத்திறன் உள்ள டபிள்யூஏபி-4 மின்சார என்ஜின் பிளாட்பாரத்தைத் தாண்டியிருக்கும். ஜங்ஷனில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் என்ஜின் மாற்றும் வேலையும் இல்லை. அப்படி மாற்றினால், பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் ஏற்றி, கடைசிப் பெட்டிவரை பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகிவிடும்.

பிறகு ஏன் தாமதம்? பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான் காரணம். எதிர்வண்டி கால்மணி தாமதித்தால் உங்கள் வண்டி ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளமான லூப் லைனில் காத்துக் கிடக்கும். எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. ரயில்வே உதவி எண் 139-இல் புகார் செய்யும்போது வெறுமனே ‘லேட்’ என்று சொல்லாதீர்கள். வண்டி எண், தேதி, எந்த இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் போயிற்று என்பதைச் சொல்லுங்கள். எதிர்வண்டிக்கு வழிவிடும் கிராசிங்கில் போன நேரமா, என்ஜினால் போன நேரமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நடுவழியில் நின்ற வண்டியின் என்ஜின் மறுபடி உயிர் பெற்றும் புறப்படாமல் நிற்கிறதே?

பதில்: மாற்று என்ஜின் வேண்டுமென்று தகவல் கொடுத்துவிட்டால், பழுது சரியானாலும் அனுமதியின்றி வண்டியை நகர்த்தக் கூடாது. உதவிக்கு வரும் என்ஜின் அதே தண்டவாளத்தில் வருகிறது. மோதல் நேராமலிருக்க, அகலப்பாதையில் நின்ற வண்டியிலிருந்து 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று, சக்கரம் ஏறினால் சத்தமிட்டு எச்சரிக்கும் வெடிகளைத் தண்டவாளத்தில் வைப்பார்கள். காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் உயிர் காக்கும் விதி இது.

கேள்வி: மெமு என்கிற மின்சார பாசஞ்சர் வண்டியில் சில இடங்களில் விளக்கும் விசிறியும் சட்டென்று அணைந்து மீண்டும் எரிகின்றனவே?

பதில்: அது நியூட்ரல் செக்ஷன். இரண்டு துணைமின் நிலையங்களின் மின்சாரம் ஒன்றோடொன்று கலக்காதபடி நடுவில் மின்சாரமே இல்லாமல் விட்ட துண்டு. 500 மீட்டருக்கு முன்பும் 250 மீட்டருக்கு முன்பும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். லோகோ பைலட் இழுவையைக் குறைத்து, சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, ஓடிய வேகத்திலேயே உருண்டு கடந்த பிறகு மறுபடி மூடுவார். வேகமில்லாமல் வந்து, கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராப் அந்தத் துண்டிலேயே நின்றுவிட்டால் என்ஜின் தானாகப் புறப்பட முடியாது. பெரும்பாலும் இன்னொரு என்ஜின் வர வேண்டியிருக்கும். அதனால்தான் ஏற்றத்திலும், சிவப்பு விழுந்து வண்டி நிற்கக்கூடிய சிக்னலுக்கு அருகிலும் இதை அமைப்பதைத் தவிர்க்கிறார்கள்.